போகிறவருக்கான பக்கம்

“மேல வரைக்கும் போட்டுட்டியா?”

போன வருடம் செப்டம்பர் கடைசியில் அப்பா கேட்டது இது. அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, டர்பன்டைன் ஊற்றிய தகர டப்பாவில் தூரிகையை அலசிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். புர்கி “ஆமா” என்றாள். அப்பா தூரிகையின் மயிரை இரண்டு விரலால் இழுத்துப் பிழிந்து ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தார். பிறகு கை கழுவப் போனார்.

அவள் போட்டிருக்கவில்லை. மலைப்பாதையின் வழிக்குறிகளைக் காட்டின் கடைசி லார்ச் மரம் வரை போட்டாள். அதற்கு மேலே புல்மேட்டில் போட்டாள். கற்சரிவு தொடங்கும் இடத்தில் நிற்கும் பெரிய பாறையிலும் போட்டாள். அங்கிருந்து கணவாய் வரை குறி போட வேண்டிய கற்கள் பதினொன்று மிச்சம். அந்த வசந்தத்தில் மலை சரிந்து, பழைய வழிக்குறிகள் இருந்த கற்களையெல்லாம் உருட்டிக்கொண்டு போயிருந்தது. புதிதாகக் கல் தேர்ந்தெடுத்து, கம்பித் துடைப்பத்தால் பாசியைத் தேய்த்து, மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே சிவப்பு என்று மூன்று பட்டை போட வேண்டும். அவள் தூரிகையை எடுத்தபோது மூடுபனி கீழிருந்து ஏறி வந்தது. தன் மூச்சு தவிர வேறு சத்தம் கேட்காத ஓர் இடத்தில் தான் மட்டும் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. எங்கோ ஒரு கல் நகர்ந்தது. அவள் இறங்கி வந்துவிட்டாள். அடுத்த வாரம் போய் முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

மனிதர்களோடு பேசத் தேவையில்லாத வேலை என்றுதான் அப்பா அதை அவளுக்குக் கொடுத்திருந்தார். பதினாறு வயதில் பள்ளியை விட்டு வந்து வீட்டிலேயே கிடந்த மகளுக்கு, மலையேற்றச் சங்கத்தில் தன் பொறுப்பில் இருந்த பாதைகளில் ஒன்று. “கல்லு உன்னைக் கேள்வி கேக்காது,” என்றார். ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு கல்லிலும் இரண்டு பக்கம் போட வேண்டும். கீழே பார்த்த பக்கம் ஏறிப் போகிறவருக்கு. மேலே பார்த்த பக்கம் இறங்கி வருகிறவருக்கு.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, குளிர்காலத்துக்கு முன்னால் கழற்ற வேண்டிய பெயர்ப்பலகைகளைக் கழற்ற அப்பா மேலே போனார். காலையில் வானம் சுத்தமாக இருந்தது. மதியத்துக்குப் பிறகு மூடுபனி. எட்டு நாள் தேடினார்கள். கணவாயில் பலகை இல்லாத கம்பம் நின்றது. அதன் அடியில் ஒரு தட்டைக் கல்லில் நான்கு திருகாணிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அதாவது அவர் கணவாயை அடைந்துவிட்டார். இரண்டு மொழியிலும் பெயர் எழுதிய அந்தப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். ஒன்பதாம் நாள் பனி கொட்டியது. தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

எல்லோரும் மூடுபனியைச் சொன்னார்கள். புர்கிக்கு மட்டும் தெரியும். அதைவிட மோசமான ஒன்றும் தெரியும். காலையில் வெளிச்சத்தில் ஏறும்போதே அந்தப் பதினொரு கல்லும் வெறுமையாகக் கிடப்பதை அப்பா பார்த்திருப்பார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஏறியிருப்பார். மகள் சொன்னது பொய் என்று தெரிந்துதான் போயிருக்கிறார்.

ஒரு வருடமாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவே முடியாது. அம்மா ஓர்னெல்லா தெற்கே சமவெளியிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், இத்தாலியன் பேசுகிறவள். அப்பா கெப்ஹார்ட் இந்த ஊர்க்காரர், ஜெர்மன் பேசுகிறவர். வீட்டில் அப்பாவுக்கு அப்பாவின் மொழியிலும் அம்மாவுக்கு அம்மாவின் மொழியிலும் பதில் சொல்லியே புர்கி வளர்ந்தாள். இப்போது வீட்டில் ஒரு மொழிதான். அதுவும் நாளுக்கு நாலைந்து வாக்கியம். கோட்டைச் சுவருக்குள் மொத்தமே எண்ணூறு பேர் இருக்கும் அந்த ஊரில், தூண்களும் வளைவுகளுமாகக் கூரையிட்ட நடைபாதையின் கடைசி வீட்டில், சாயங்காலம் நாலு மணிக்கே விளக்குப் போட்டுக்கொண்டு இரண்டு பெண்கள் மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவுக்கு அவளும் அவளுக்கு அம்மாவும் தவிர யாருமில்லை. அந்தப் பதினொரு கல்லைப் பற்றித் தெரிந்தால் அம்மாவும் இருக்க மாட்டாள் என்பது புர்கியின் பயம்.

அப்பா இறந்துவிட்டதாக அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் ரை தானிய ரொட்டியை இரண்டிரண்டாக ஒட்டித்தான் சுடுவார்கள். கணவனோ மனைவியோ போய்விட்டால் மிஞ்சியவருக்கு ஒற்றை ரொட்டி கொடுக்கிற வழக்கம் பழைய ஆட்களிடம் இருந்தது. போன நவம்பரில் ரொட்டிக்கடை ஃபிலோமேனா, நல்லெண்ணத்தில்தான், ஒற்றையாகப் பிய்த்துக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். அம்மா அதை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஜோடியா குடு.”

“ஓர்னெல்லா, நான் எதுக்குச் சொல்றேன்னா…”

“பசிக்கு வாங்க வரேன். துக்கத்துக்கு இல்ல. ஜோடியா குடு.”

அன்றிலிருந்து ஜோடிதான் வரும். ஒன்றைச் சாப்பிடுவார்கள். இன்னொன்று மேசையில் கல்லாகும்வரை இருக்கும்.

*

இந்த வருடம் அக்டோபர் இருபதாம் தேதி புர்கி வண்ணம் வாங்கப் போனாள். சங்கத்தின் பாதைப் பொறுப்பு இப்போது செராஃபினிடம் இருந்தது. மீசையைத் தவிர எல்லாமே வற்றிப்போன மனிதர். கொட்டகையிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தார், ஆனால் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இப்ப எதுக்குடி அங்க? ஜூன்ல போலாமே.”

அவள் தரையைப் பார்த்தாள்.

“உங்கப்பா போட்டு முடிச்சிருப்பாருன்னுதான் நெனச்சேன் அந்தப் பகுதிய.”

“கொஞ்சம் மிச்சம் இருக்கு.”

“வாயத் தொறந்து நாலு வார்த்த பேசிட்ட. இந்த வருசக் கோட்டா முடிஞ்சுதா?” சிரித்துக்கொண்டே டப்பாக்களைத் தள்ளினார். “மூணு மணிக்குள்ள எறங்கிடணும். நெசமா சொல்றேன்.”

மறுநாள் விடியும்முன் கிளம்பி, பதினொரு மணிக்குக் கற்சரிவின் விளிம்பை அடைந்தாள். காற்றே இல்லை. லார்ச் காடு கீழே மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மேலே சாம்பல் நிறக் கற்கள், வீட்டளவும் ஆளளவும் முஷ்டியளவுமாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, எந்த நேரமும் மறுபடி புறப்படத் தயாராக இருப்பதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தன. நேராகக் கணவாய்க்கு ஏறிப் போய், அங்கிருந்து இறங்கிக்கொண்டே போடத் தொடங்கினாள். தேய்த்த கல்லிலிருந்து வெடிமருந்து போன்ற ஒரு வாசனை வந்தது. சிவப்பு. வெள்ளை. சிவப்பு. மேலே பார்த்த பக்கத்தில் மட்டும் போட்டாள்.

வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தாள். ஏறிப் போகிறவர்கள் யாரும் இந்தக் குளிரில் வரப்போவதில்லை. இறங்கி வர வேண்டியவர் ஒருவர் இருந்தார். ஒரு வருடம் தாமதம்தான், பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் பதினொரு கல்லையும் அவர் வரும் திசைக்குத் திருப்பி வைத்தால் நெஞ்சில் இருப்பது கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தாள். ஆறாவது கல்லில் அழுதாள். எட்டாவது கல்லில் அழுகை நின்றிருந்தது. பதினொன்றையும் முடித்து விளிம்பில் இருந்த பெரிய பாறைக்கு வந்து, தூரிகையை அலசிவிட்டு, சும்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

கீழிருந்து பார்த்தால் அவள் போட்ட எதுவும் தெரியக்கூடாது. எல்லாம் மறுபக்கத்தில் இருக்கின்றன. கற்கள் சாம்பலாகத்தான் கிடந்தன.

மிக மேலே, கணவாய்க்கு அருகே இருந்த முதல் கல்லில் மட்டும், ஒரு துளி சிவப்பு. நடுவில் வெள்ளை.

கைப்பழக்கத்தில் அந்த ஒன்றில் மட்டும் இரண்டு பக்கமும் போட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். தூரிகையைத் துணியில் சுற்றினாள். மணி இரண்டேகால். இறங்கும்போது அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித் திரும்பாமல் இருப்பதற்காகப் பாடிக்கொண்டே இறங்கினாள் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தாள்.

*

ஒரு வாரம் கழித்து, வேட்டைக்காரர்களோடு மேலே போய்வந்த செராஃபின் ரொட்டிக்கடை வாசலில் அவளை நிறுத்தினார்.

“பாத்தேன் உன் வேலைய. ரெண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி இருக்கு. கோட்டுல ஒரு பிசிறு இல்ல. அப்படியே கெப்ஹார்ட் கை.”

“ரெண்டு பக்கமுமா?”

“பின்ன? ஒரு பக்கம் போட்டுட்டு ஏமாத்தலாம்னு பாத்தியா?” தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவள் கையில் ரொட்டி சூடாக இருந்தது. அது ஆறும்வரை அங்கேயே நின்றாள்.

அதற்குப் பிறகு பாதை முழுவதும் புதிதாகிக்கொண்டே வந்தது. புல்மேட்டில் இருந்த பழைய குறிகள் மறுபடி பூசப்பட்டிருப்பதாக ஒரு மேய்ப்பன் சொன்னான். பிறகு காடு. அதன்பின் எப்போதுமே குறி இல்லாத இடங்கள். காட்டுக்குக் கீழே வைக்கோல் கொட்டகையின் மரச்சுவரில் ஒன்று. ஆப்பிள் தோட்டத்தின் வேலிக்கல்லில் ஒன்று. நவம்பர் முதல் தேதி, கல்லறைக்குப் பூ வைக்கப் போனவர்கள் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடியில் ஒன்றைப் பார்த்தார்கள். புர்கி சாயங்காலம் போய்ப் பார்த்தாள். ஆறு இருட்டில் பாறைகளை நக்கிக்கொண்டு ஓடியது. ஈர மரத்தின் வாசனைக்கு மேலே வண்ணத்தின் வாசனை. விரலால் தொட்டாள். ஒட்டியது.

ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தில்தான் போட்டிருந்தது. அவள் பாலத்தைக் கடந்து மறுகரையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். வெறும் மரம். ஊர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் தெரிந்தது. கொட்டகையும் அப்படித்தான், வேலிக்கல்லும் அப்படித்தான். வருகிறவருக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் இங்கிருந்து போகிறவருக்கு.

அவள் விட்ட பாதியை யாரோ போட்டுக்கொண்டு வருகிறார். மேலிருந்து கீழே.

மறுநாள், இறந்தவர்களை நினைவுகூரும் ஆன்மாக்கள் நாள் சந்தை. வருடத்தில் அந்த ஒரு நாள் கோட்டைச் சுவருக்குள் கால் வைக்க இடமிருக்காது. கம்பளிக் காலுறை, மாட்டு மணி, வறுத்த செஸ்ட்நட் கொட்டை என்று வளைவுகளுக்கு அடியில் கடைகள். புகையும் கூச்சலும் இரண்டு மொழியில் பேரமும். கீழ்ப் பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் கோட்டைவாசலின் உட்புறக் கல்லைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி புர்கியைப் பார்த்துச் சிரித்தாள்.

“எவ்ளோ அழகா இருக்கு. ஊருக்குள்ளயே ஆரம்பிக்குதா இந்தப் பாதை? எங்க கொண்டுபோய் விடும்?”

புர்கி ஓர் அடி பின்வாங்கிக் கல்லைப் பார்த்தாள்.

“வெக்கப்படுது பாவம்,” என்றான் கணவன். “விடு, நாமளே வரைபடத்துல பாத்துக்கலாம்.”

எழுநூறு வருடத்துக் கோட்டைவாசலின் கல்லில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு. இன்னும் காயவில்லை. சந்தை மணி அடித்து, கடைகளைப் பிரித்து, கடைசி வண்டியும் போனபிறகு அவள் வாளியும் துணியும் டர்பன்டைனுமாக வந்து அதைத் தேய்த்தாள். செராஃபின் பார்த்துவிட்டார்.

“நீயேதான் போட்டு நீயேதான் அழிக்கிறியா? ரொட்டிக் கடைக்கு வழி தெரியாம இந்த ஊர்ல எவனாவது நிக்கிறானா, சொல்லு.”

“நான் போடல.”

“வேற யாருகிட்ட இருக்கு அந்த வண்ணம்?”

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வாளியைத் தள்ளிவைத்துப் பக்கத்தில் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “புர்கி. தனியா உக்காந்து உக்காந்து இப்படி ஆவுது. ஞாயித்துக்கெழம சாப்பிட வா, அம்மாவையும் கூட்டிட்டு. என்ன?”

அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் அது நடக்காது என்று தெரிந்துகொண்டு பிரிந்தார்கள்.

*

அப்பா என்னைக் கூட்டிப்போக வருகிறார் என்று அவள் புரிந்துகொண்டாள். அதில் பயத்தோடு ஒரு நியாயமும் இருந்தது. அந்தப் பாதையை அவள்தான் பாதியில் விட்டாள். இப்போது அவர் அதை முடித்து, அவள் காலடி வரை கொண்டுவந்து வைப்பார். பதினொரு கல்லையும் அவள் நடந்து பார்க்க வேண்டும். வேண்டுமானால் போகிறேன் என்றுகூட ஓர் இரவு தலையணைக்குள் சொன்னாள்.

காலையில் அவள் எழுந்து முதலில் வளைவுத் தூணைப் பார்ப்பாள். நாலாம் தேதி குறி ஏழு தூண் தள்ளி இருந்தது. ஆறாம் தேதி மூன்று தூண். அழித்தால் மறுநாள் அதே இடத்தில் இருக்கும், ஈரமாக. விரலெல்லாம் டர்பன்டைனில் வெடித்து எரிந்தது. வாசனை வீட்டுக்குள் தங்கிவிட்டது.

“உங்கப்பா வாசன,” என்றாள் அம்மா ஒரு சாயங்காலம். முகம் இளகியிருந்தது.

அம்மா கொஞ்ச நாளாக நன்றாக இருந்தாள். புர்கி அதைக் கவனிக்காமல் இல்லை. தலை வாரியிருந்தாள். பாத்திரம் கழுவும்போது முணுமுணுவென்று ஏதோ பாடினாள். மதியத்தில் “சும்மா காத்தாட” என்று வெளியே போய்வந்தாள். முதலில் கால் மணி நேரம். பிறகு ஒரு மணி நேரம். நல்லதுதானே என்று புர்கி நினைத்தாள். ஒரு வருடமாக ஜன்னலைவிட்டு நகராதவள்.

எட்டாம் தேதி இருட்டியபிறகுதான் அம்மா திரும்பினாள். காலணியைக் கழற்றி அடுப்போரம் வைத்துவிட்டு மேலே போனாள். புர்கி அதை எடுத்து நகர்த்தப் போனாள். ஈரம் கனத்தது. கவிழ்த்துப் பார்த்தாள்.

அடியில் சேறு. சேற்றில் மஞ்சளாக, மயிர்போல மெல்லிசாக, ஒட்டிக்கொண்டிருந்தவை லார்ச் ஊசியிலைகள்.

லார்ச் ஊருக்குள் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் இல்லை. அப்பால், கொட்டகைக்கும் மேலே, ஒன்றரை மணி நேரம் ஏறினால்தான் உண்டு.

அவள் காலணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மேலே தரைப்பலகை கிரீச்சிட்டது. அம்மா நடக்கிறாள். ஜன்னல் வரை. நிற்கிறாள். மறுபடி நடக்கிறாள். பாடுகிறாள்.

அந்தக் குறிகள் புர்கிக்காக இல்லை.

*

பத்தாம் தேதி மதியத்திலிருந்தே மூடுபனி ஊருக்குள் இறங்கிவிட்டது. நாலரை மணிக்கு எதிர்ச் சுவர் தெரியவில்லை. ரொட்டிக்கடையின் விளக்கு பாலில் விழுந்த முட்டைக்கருபோல மிதந்தது. தேவாலய மணி அடித்தபோது சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்ததுபோல் இருந்தது, அடித்து ஓய்ந்த பிறகு சத்தமே இல்லை. அடுப்பில் கட்டை சரிந்தது. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. டர்பன்டைன் வாசனை. அதற்கு அடியில், மெல்ல, வேறொன்று. ஈரக் கல். தேய்த்த ஈரக் கல்லின் வாசனை.

காலையில் வீட்டுக்கதவுக்கு வெளியே நிலைக்கல்லில் குறி இருந்தது. அவள் அழித்தாள். மதியம் கதவின் உட்புறத்தில் இருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அதையும் அழித்தாள். அவசரத்தில் பாதி டப்பா தரையில் கொட்டியது. பிறகு கதவைப் பூட்டி, சாவியைத் தன் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இப்போது அம்மா மேசையில் ஜோடி ரொட்டியை எடுத்து வைத்தாள். சீஸ் வெட்டினாள். சீவிய தலை, சுத்தமான கழுத்துப்பட்டி. எங்கோ போகிறவள்போல் இருந்தாள்.

“அம்மா.”

“ம்.”

“நீ எங்க போயிட்டு வர்ற தெனமும்?”

“நடக்கறேன். டாக்டரே சொன்னாரே, நடன்னு.”

“காடு வரைக்குமா?”

கத்தி சீஸில் மெதுவாக இறங்கியது. “உங்கப்பா எனக்கு வழி போட்டுக் குடுத்திருக்காரு புர்கி. உனக்குப் பயமா இருக்கும்னு நான் சொல்லல. இருபத்திரண்டு வருசமா இந்த மல எனக்குப் பிடிக்காது, ஒரு தடவகூட அவரோட மேல போனதில்ல. எனக்காகத்தான் வாசல்ல இருந்து போடுறாரு. நான் தொலஞ்சிரக் கூடாதுன்னு.” சிரித்தாள். ஒரு வருடத்தில் முதல் சிரிப்பு. “அந்த மனுசனப் பாரேன்.”

அம்மாவை நிறுத்தப் புர்கியிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் அம்மா அவளை வெறுப்பாள். வெறுத்துக்கொண்டாவது வீட்டில் இருப்பாள்.

“அவரு உன்னக் கூப்பிடல. என்னத்தான்.”

“உன்ன எதுக்கு?”

“நான் போடலம்மா.”

“எத?”

“மேல. கற்சரிவுல. பதினோரு கல்லு. போட்டுட்டேன்னு அப்பாகிட்ட சொன்னேன். பொய். பயந்துகிட்டு எறங்கி வந்துட்டேன். அவரு திரும்பி வர்றப்ப அங்க ஒண்ணுமே இல்லம்மா. ஒரு குறிகூட இல்ல. அதனாலதான்.”

கத்தி நின்றது.

அம்மா அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. வியப்புகூட இல்லை. ஏற்கெனவே கேட்ட ஒன்றை இன்னொரு முறை கேட்பவளின் முகம். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. யாரோ சொல்லியிருந்தார்கள்.

“அம்மா, ஏதாவது சொல்லு.”

அம்மா ரொட்டியை எடுத்தாள். இரண்டும் ஒட்டியிருந்த இடத்தில் பிடித்துப் பிரித்தாள். ஒன்றை மகளின் தட்டில் வைத்தாள். இன்னொன்றை வைத்துக்கொண்டாள். எழுந்தாள்.

“கதவு பூட்டியிருக்கு.”

அம்மா காலணியை மாட்டினாள். நாடாவை நிதானமாக, இரட்டை முடிச்சாகப் போட்டாள். ஆணியில் தொங்கிய கறுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்து, ரொட்டியை அதன் பையில் வைத்து, கைகளை நுழைத்தாள். கதவின் பிடியைத் தொட்டாள்.

திறந்தது.

புர்கி பையைத் தடவினாள். சாவி இருந்தது. சூடாக இருந்தது.

மூடுபனி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. அம்மா படியிறங்கினாள். அப்போதுதான் கோட்டின் பின்புறம் புர்கிக்குத் தெரிந்தது. காலையிலிருந்து சமையலறை ஆணியில், அவள் கண்முன்னே தொங்கிக்கொண்டிருந்த கோட்டு.

இரண்டு தோளுக்கும் நடுவில். சிவப்பு. வெள்ளை. சிவப்பு.

ஒரு பிசிறு இல்லை. கீழ்ப்பட்டையிலிருந்து ஒரு சொட்டு மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

“அம்மா.”

அம்மா திரும்பவில்லை. வளைவுகளுக்கு அடியில் நடந்தாள். ரொட்டிக்கடை விளக்கைக் கடந்தாள். முதலில் கால்கள் கரைந்தன. பிறகு தலை. பிறகு கறுப்புக் கோட்டு. மூன்று பட்டை மட்டும் வெள்ளைக்குள் ஆடி ஆடிப் போயிற்று.

காலடிச் சத்தம் கோட்டைவாசலில் எதிரொலித்தது. வெளியே மண்ணில் மங்கியது. வெகுநேரம் கழித்து, பாலத்தின் பலகைகளில் கேட்டது. பன்னிரண்டு அடி. பதின்மூன்று. அப்புறம் ஆறு மட்டும். அம்மா போய்விட்டாள்.

புர்கி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரொட்டிக்கடைக்குச் சற்று அப்பால், மூடுபனியில், ஓர் ஆளின் முதுகு உயரத்தில், மூன்று பட்டை இன்னும் தெரிந்தது. சிவப்பு. வெள்ளை. சிவப்பு. அதைச் சுற்றி யாரும் இல்லை. அது சிறுத்துப் போகவும் இல்லை, மறையவும் இல்லை. இங்கே நின்றால் தெரிகிற தூரத்தில், இன்னும் ஓர் அடி தள்ளியிருந்தால் தெரியாது என்கிற தூரத்தில், அடுத்த வழிக்குறிபோல அசையாமல் நின்றுகொண்டிருந்தது.